கேமரா நின்ற பக்கத்துச் சுவர்

கூடத்தில் அப்போது ஐந்து பேர் இருந்தார்கள். ஐஸ் பெட்டியின் தலைமாட்டில், தரையில், அவள். கால்மாட்டில் முழங்காலைக் கட்டிக்கொண்டு மகள். ஜன்னலோர நாற்காலியில், தலைமாட்டில் இருந்தவளுடைய அண்ணன். கதவை ஒட்டிய ஸ்டூலில், உட்கார்ந்தும் உட்காராமலும், படக் கம்பெனி மேனேஜர். அவருக்குப் பின்னால் வாசல்படியில் தூசி என்கிற செட் ஆள். செட்டில் புதுச் சுவரைப் பழைய சுவராக்குவது அவன் வேலை. பெயரும் அப்படி வந்ததுதான். பெட்டிக்குள் இருந்த அவள் கணவரையும் சேர்த்தால் ஆறு.

மேனேஜர் மூன்றாவது முறையாகத் தொண்டையைக் கனைத்தார்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு ஷூட்டிங். அத விட்டா யாருக்கும் டேட் கெடையாது. நாலாவது சுவருக்கு சார் எதாவது வரைஞ்சு வெச்சிருக்காரான்னு…"

"சாவு வீடுய்யா இது," என்றார் அண்ணன். "விடிகாலைல ஆஸ்பத்திரில உயிர் போயிருக்கு. நாலு மணிக்கு எடுக்கணும். சுவரு கேட்டு வந்துட்டான் பெரிய மனுஷன்!"

"எனக்கு மட்டும் ஆசையா சார்? என்னை அனுப்பறாங்க, வர்றேன்."

செட்டில் கட்டும் வீட்டுக்கு எப்போதும் மூன்று சுவர்தான். நாலாவது பக்கத்தில் கேமரா நிற்கும். டைரக்டருக்குப் போன வாரம்தான் தோன்றியிருக்கிறது: கதையில் வரும் வாத்தியாரின் மனைவி வாசலைப் பார்த்துக் காத்திருக்கும் இடத்தையும் காட்ட வேண்டும்.

"வரைஞ்சது இல்லன்னா?" என்றாள் அவள். காலையிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை.

"வேற ஆர்ட் டைரக்டர் ஒருத்தர் வந்து முடிச்சுக் கொடுப்பார். ரெண்டு மணிக்குள்ள அவருக்குச் சொல்லணும். முடிக்கிறவர் பேரு டைட்டில்ல சேர்ந்து வரும், அது வழக்கம். சார் பேரும் இருக்கும்மா, கண்டிப்பா."

அந்த வழக்கம் அவளுக்குத் தெரியாததா? இருபத்திரண்டு வருடமாக அவள் கணவர் எந்தக் கம்பெனியிலும் நிலையாக இருந்ததில்லை. யாராவது கோபித்துக்கொண்டு பாதியில் போட்டுவிட்டுப் போனால் இவரைக் கூப்பிடுவார்கள். இவரும் போய் முடித்துக் கொடுப்பார். ஏழு படங்களில் அவர் பெயர் இன்னொருவர் பெயருக்குக் கீழே வந்தது. தியேட்டரில் அந்த இடம் வரும்போது மட்டும் குனிந்து செருப்பைத் தேடுவார். இந்தப் படம்தான் முதல் பலகையிலிருந்து அவருடையது. "இதுல தனி கார்டு. வேற யாரும் கெடையாது, நான் மட்டும்" என்று மகளிடம் சின்னப் பிள்ளை மாதிரி சொல்லியிருந்தார்.

தூசி வாசல்படியிலிருந்தே பேசினான். "அண்ணி, மூணு சுவரையும் அளவு மாறாம சொன்னாரு, எங்கயோ நெஜமா இருக்கற வீடு மாதிரி. அலமாரிக் கதவு சாத்தாது, காகிதத்த மடிச்சு செருகுன்னாரு. நாலாவதுக்கு மட்டும், 'இருடா, கேட்டுச் சொல்றேன்'னாரு. யாரக் கேக்கணும்னு சொல்லல."

அவள் பெட்டியின் கண்ணாடியைப் பார்த்தாள். உள்பக்கம் பனி பிடித்திருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் அவளிடம்தான் கேட்டார். சாப்பிட்டுக்கொண்டே.

"நம்ம மொத வாடகை வீடு இருந்துச்சே, அதுல வாசலுக்கு எதிர்ச் சுவருல என்ன இருந்துச்சு? மத்ததெல்லாம் ஞாபகம் இருக்கு. அது மட்டும் வரவே மாட்டேங்குது."

"அந்தப் பக்கம் நீங்க என்னிக்கு உக்காந்தீங்க, ஞாபகம் வர்றதுக்கு? வெறும் சுவருதான்."

"வெறும் சுவரா? சரி," என்று தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். மகளும் அப்போது பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"பேப்பர் கொண்டா," என்றாள் இப்போது மகளிடம்.

"வாயால சொன்னாலே போதும்மா," என்றார் மேனேஜர்.

"போதாது. டைரக்டர் பேருக்கே எழுதித் தர்றேன்."

தரையில் அட்டையை வைத்து, குனிந்து, நிறுத்தி நிறுத்தி எழுதினாள்.

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு, வணக்கம். நாலாவது சுவரைப் பற்றி என் கணவர் என்னிடம் சொல்லியிருந்ததைக் கீழே எழுதுகிறேன்.

ஒன்று. சுவர் வெளிறிய நீலம். படம், காலண்டர், ஆணி எதுவும் இல்லை.

இரண்டு. தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில், உட்கார்ந்தவர் தலை சாயும் இடத்தில், ஓர் எண்ணெய்க் கறை. சாப்பாட்டுத் தட்டு அகலம். ஒரே நாளில் வந்தது போல் இருக்கக் கூடாது. நாலு வருடம் சாய்ந்தது.

மூன்று. அதற்கு வலப் பக்கம், ஒன்றரை அடி உயரத்தில், இன்னொரு கறை. உள்ளங்கை அகலம். அது குழந்தையுடையது.

இதற்கு மேல் அந்தச் சுவரில் செய்ய ஒன்றும் இல்லை. செட்டை அவரே முடித்துவிட்டார். வேறு ஒருவரை அழைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மகள் வாங்கிப் படித்தாள். முதல் வரியிலேயே தலையை நிமிர்த்தி அம்மாவைப் பார்த்தாள். அவள் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். மகள் மறுபடி குனிந்து கடைசி வரை படித்தாள். மூன்றாவது இடத்தில் கொஞ்சம் நேரமானது.

"தேதி போடலம்மா," என்றாள்.

அவள் வாங்கித் தேதி போட்டாள். மாதத்தை எழுதும்போது பேனா ஒரு முறை நின்று, பிறகு நகர்ந்தது.

மேனேஜர் நின்றுகொண்டே படித்தார். "போதும்மா. இதுக்கு எதுக்கு இன்னொரு ஆளு? நானே டைரக்டருக்குப் படிச்சுக் காட்டறேன்."

"வழக்கமா கறைக்கு அடிக்கற டீத்தண்ணி இதுக்கு ஆகாது," என்றான் தூசி. "நெஜ எண்ணெய்தான் வேணும். லேசா சூடு பண்ணி, துணில ஒத்தி ஒத்தி எடுக்கணும். நாலு வருஷத்த ராத்திரிக்குள்ள பண்ணிடலாம் அண்ணி. ஆனா இப்பவே கெளம்பணும். நாலு மணிக்கு எடுக்கறப்ப நான் இருக்க மாட்டேன்."

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தூசி முதல் முறையாக உள்ளே வந்தான். பெட்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு, "வேலைக்குப் போறேண்ணே," என்றான். மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

அவள் கடிதத்தை மூன்றாக மடித்து உறைக்குள் வைத்தாள். உறையின் ஓரத்தை நாக்கில் வைத்தாள். காலையிலிருந்து தண்ணீர் படாத நாக்கு, ஒட்டவில்லை. மகள் டம்ளர் தண்ணீரில் விரலை நனைத்து, பசை ஓரத்தை மெல்ல நீவிவிட்டாள். இருவர் கட்டைவிரலும் சேர்ந்து அதை அழுத்தின.

வாசலில் வண்டி நின்றது. மேனேஜர் உறையை முன்கண்ணாடிக்கு அடியில் வைத்தார். தூசி ஏறிக் கதவைச் சாத்தினான். வண்டி பின்னால் போய்த் திரும்பியபோது உறை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு வழுக்கியது. உள்ளேயிருந்து ஒரு கை நீண்டு அதைப் பிடித்துக்கொண்டது.