தமிழய்யாவுக்கு ஒரு வாரப் பிரெஞ்சு

பிரெஞ்சு டீச்சர் வேம்பு எழுதிக் கொடுத்த பாடத் திட்டத்தை இளையபெருமாள் ஐயா இரண்டு வரி படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "நான் வாசிச்சுக் காட்டணும்னு போட்டிருக்கீங்க. எனக்கு இதுல ஓரெழுத்து தெரியாதேம்மா," என்றார். தெரிந்திருந்தாலும் மனசு வந்திருக்காது. மார்க் கொட்டும் என்று அவருடைய தமிழ் வகுப்பிலிருந்து பாதிப் பிள்ளைகளைப் பிரெஞ்சுக்கு இழுத்துக்கொண்ட பள்ளிக்கூடம் அது. அந்தப் பிரெஞ்சு வகுப்பிலேயே மாற்று வாத்தியாராகப் போய் உட்கார் என்றால் மனுஷருக்கு எப்படி இருக்கும்?

வேம்புவுக்கும் வேறு வழியில்லை. குத்தாலம் பக்கத்தில் அவள் அப்பா நல்லக்கண்ணு குத்தகைக்குச் செய்யும் வயலில் குறுவை விளைந்து நின்றது. நிலத்தைக் காலி செய்யச் சொல்லி வருஷக்கணக்காக மல்லுக்கு நிற்கும் நிலக்காரர், இந்தத் தடவை அறுவடை மிஷினை இறக்கப்போவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். மிஷினுக்கு அந்த வயல் ஒரு மணி நேர வேலை. அறுத்தவர் பெயரில்தான் அனுபவ பாத்தியம் என்று நாளைக்குத் தாசில்தார் முன்னால் வந்து நிற்பார்கள். அதனால் வீட்டில் ஒருவர் பாக்கியில்லாமல் இறங்கிக் கையால் அறுத்தாக வேண்டும். பள்ளித் தாளாளர் ஒரு வாரம் லீவு கொடுத்தார். கூடவே, வகுப்பு சும்மா கிடந்தால் காரைக்காலிலிருந்து வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்றும் சொன்னார். சொன்னால் செய்கிற ஆள்தான்.

அன்று சாயங்காலம், அரசு கொடுத்த கலர் டிவியை அணைத்துவிட்டு வேம்பு மறுபடி எழுத உட்கார்ந்தாள். மாற்று வாத்தியார் என்றால் இன்னொரு வேம்பு வருவாள் என்று நினைத்தல்லவா எழுதியிருக்கிறாள்? வரப்போவது தமிழய்யா. அவருக்குப் பிரெஞ்சு வராது, ஆனால் கேள்வி கேட்க வரும், பதில் வாங்காமல் விடவும் மாட்டார். பிள்ளைகள் கதை நேர் எதிர். நோட்ஸை உருப்போட்டுத் தொண்ணூற்றைந்து வாங்குவார்கள், வாயைத் திறந்து ஒரு டம்ளர் தண்ணீர் கேட்க வராது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்படியானால் பிள்ளைகளே அவருக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். முதல் நாள் பெட்டிக்கடை, மறுநாள் பஸ் ஸ்டாண்டு, அப்புறம் ஆஸ்பத்திரி. எங்கேயும் அவர்தான் ஒன்றும் தெரியாமல் வந்து நிற்கிறவர். அவர் வாயில் வார்த்தை சரியாக வரும்வரை பிள்ளைகள் விடக் கூடாது. வெள்ளிக்கிழமை வரைக்கும் எழுதி முடித்தாள். இது நிச்சயம் நடக்கும் என்று அவளுக்குப் பட்டது; ஐயாவிடம் கொடுத்துவிட்டு வயலுக்குக் கிளம்பினாள்.

புதன்கிழமை மத்தியானம் ஐயா சைக்கிளில் வயலுக்கே வந்துவிட்டார். வகுப்பு கைவிட்டுப்போயிற்றோ என்று அவள் பயந்தாள். பாதி வயல்தான் அறுத்து முடிந்திருந்தது. எதிர் ரோட்டில் அறுவடை மிஷின் வந்து நின்றிருந்தது, நிலக்காரரின் ஆட்கள் அதன் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள்.

தாளாளர் வகுப்புக்கு வந்தாராம். வாத்தியாரை நிற்கவைத்துப் பிள்ளைகள் அதட்டுவதைப் பார்த்து, இதென்ன கூத்து என்றாராம். இத்தனை நாள் வாயே திறக்காத ஆமினா எழுந்து, கடைக்காரி தோரணையில் அவரிடமே என்ன வேண்டும் என்று பிரெஞ்சில் கேட்டிருக்கிறாள்.

"ஆளை மாத்துறேன்னு சொல்லல தாளாளரு. நாளைக்கும் வர்றேன்னுருக்காரு," என்றார் ஐயா. "நீங்க குடுத்ததெல்லாம் தீந்துபோச்சும்மா. பசங்க அவ்வளவு வேகம். நாளைக்கு என்ன நடத்துறது?"

அவர் முகத்தில் லேசாகப் பெருமை தெரிந்தது. வேம்புவுக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. ஆனால் கரையேற முடியாது. ஓர் ஆள் குறைந்தாலும் எதிரில் இருப்பவர்கள் எழுந்து வருவார்கள்.

"குறிச்சுக்குங்க ஐயா. நாளைக்கு அறுவடை."

ஐயா வரப்பில் உட்கார்ந்து, பேனாவைத் திறந்து உள்ளங்கையிலேயே எழுத ஆரம்பித்தார். வேம்பு குனிந்து அறுத்தபடி சொன்னாள். அரிவாளுக்கு ஃபோசீய். நெல்லுக்கு ரீ. நாங்கள் அறுக்கிறோம் என்பதற்கு நூ கூபோன். பக்கத்தில் அறுத்துக்கொண்டிருந்த அத்தை கண்ணாத்தாள் விளையாட்டாகத் திருப்பிச் சொன்னாள். சிரித்துக்கொண்டே மற்றவர்களும் சொன்னார்கள்.

"வயல் யாருதுன்னு நான் கேக்குறேன். பசங்க என்ன சொல்லணும்?"

"செ தா நூ. எங்களுதுன்னு அர்த்தம்."

அதையும் கண்ணாத்தாள் திருப்பிச் சொன்னாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. வரிசை முழுக்க ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள், கடைசியில் நல்லக்கண்ணு, தலை நிமிராமல், அடுத்த பிடியை அறுத்தபடியே. மிஷின் நிழலில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். அரிவாள்கள் அவர்கள் நின்ற பக்கமாகவே நகர்ந்துகொண்டிருந்தன.