நிமிர்த்திய வீடு

அந்த மரவீடு வாய்க்கால் பக்கம் சாய்ந்திருந்ததை முதலில் கண்டுபிடித்தது தங்கைதான். அக்கா கீழே நின்று கூரை ஒழுகுமா என்று தரகரைக் குடைந்துகொண்டிருந்தாள். தங்கை மாடிக்குப் போய், பையைத் தரையில் வைத்துவிட்டு ஜன்னலைத் திறந்தாள். பையிலிருந்து நழுவிய நூல்கண்டு அறையின் குறுக்கே நிதானமாக உருண்டுபோய் எதிர்ச்சுவரில் முட்டி நின்றது.

"அக்கா, வீடு ஒரு பக்கமா சாயுது."

"பழைய வீடுன்னா கொஞ்சம் சாயத்தாம்மா செய்யும்," என்றார் தரகர். "இது சாய்ஞ்சு நின்னு பழகிடுச்சு. இனிமே விழாது."

பழகிய சாய்வு என்ற ஒன்றை அக்காவால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அவள் அறுவை சிகிச்சைப் பிரிவில் தலைமைச் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவள். கட்டில்கள் வரிசையிலிருந்து விரற்கடை விலகியிருந்தாலும் நோயாளியோடு சேர்த்துத் தள்ளி நேராக்கிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். ஆஸ்பத்திரியில் அவளுக்கு மிலிட்டரி என்று பெயர். அது காதில் விழுந்தபோது அவள் கோபப்படவில்லை. பாராட்டு என்றே எடுத்துக்கொண்டாள்.

ஆனாலும் வீட்டை வாங்கினார்கள். பலகைச் சுவர்கள், ஆணி இல்லாமல் மரமுளை அடித்துப் பூட்டிய சட்டங்கள், கை பட்டுப் பட்டு வழவழப்பான மாடிப்படிக் கைப்பிடி. அக்கா கல்யாணம் செய்துகொள்ளாதவள். தங்கை கல்யாணம் செய்து விவாகரத்தானவள். பழைய துணிகளைப் பிரித்து ஆளுக்கேற்பத் திருத்தித் தைப்பது அவள் தொழில். நகரத்தில் ஆளுக்கொரு அடுக்குமாடிக் குடியிருப்பில் தனித்தனியாக இருந்தார்கள். இனி கீழே அக்கா, மேலே தங்கை, சமையல் மட்டும் சேர்ந்து என்று முடிவாயிற்று. சண்டை வந்தால் அவரவர் கதவைச் சாத்திக்கொள்ளலாம்.

வேலைக்கு வந்த தச்சர் அதிகம் பேசாதவர். வாய்க்கால் பக்கத்துத் தூண்களின் அடியை உளியால் குத்திப் பார்த்தார். ஊறிய ரொட்டி போல உதிர்ந்தது.

"அடியை வெட்டிட்டுப் புதுக்கட்டை குடுக்கணும். அது கட்டாயம். சாய்வை அப்படியே விடலாம், நிமித்தவும் நிமித்தலாம். எதை வேணா செய்யலாம். விட்டா வேலை கம்மி."

"நிமித்திடுங்க," என்றாள் அக்கா.

"அப்படியே விடேன்," என்றாள் தங்கை. "ஒரு தோள் இறங்கின ஆளுக்கு அளவெடுத்துத் தைச்ச சட்டை மாதிரிக்கா இது. தோளை நிமித்தினா சட்டை என்ன ஆகும்?"

"ஆளுக்கு நல்லதாகும். சட்டையை நீ பிரிச்சுத் தைச்சுக் குடு."

தூண்களுக்குப் பக்கத்தில் லாரி ஜாக்கிகள் வைக்கப்பட்டன. ஒரு நாளைக்கு ஒரு நூல், அதற்கு மேல் ஏற்றக்கூடாது என்றார் தச்சர். நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு என்பது தங்கைக்கு அப்போதுதான் தெரியும். ஜாக்கி திரும்பும்போதெல்லாம் வீடு முனகியது. உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருப்பவரின் முட்டி போல எங்கோ ஓரிடத்தில் சொடுக்கியது. அக்கா மாடி உத்தரத்திலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, காலையில் முதல் வேலையாக அதைப் போய்ப் பார்த்தாள். நோயாளியின் சூட்டுக்கணக்கைப் பார்ப்பவள் போல அதன் முன்னால் நின்றாள். கடைசியில் குண்டு தரையில் போட்டிருந்த புள்ளிக்கு நேராக வந்து நின்றது. அக்கா வாய்க்காலின் மறுகரைக்கு நடந்து போய், அங்கிருந்து வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, தன் அறைக்கதவைச் சாத்தினாள்.

கதவு சாத்திக்கொள்ளவில்லை. மேல்மூலையில் கை நுழையும் இடைவெளி. கீழ்மூலை தரையில் கடித்துக்கொண்டு நின்றது. அடுத்த கதவும் அப்படித்தான். மாடியிலும் அப்படித்தான். ஜன்னல் ஒன்றுகூட அடைபடவில்லை. வீடு சாயச் சாய, அதில் குடியிருந்தவர்கள் ஒவ்வொரு கதவையும் சாய்வுக்குத் தக்கபடி இழைத்து இழைத்து மாட்டியிருக்கிறார்கள். இப்போது நிலைச்சட்டங்கள் நேராகிவிட்டன. கதவுகள் கோணலாக நின்றன.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னேனேம்மா. விட்டா வேலை கம்மின்னு சொன்னேன்ல," என்றார் தச்சர்.

தங்கை மாடிப்படியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை.

கதவுகளையும் ஜன்னல்களையும் கழற்றித் தன் பட்டறைக்கு எடுத்துப்போனார் தச்சர். கோணலான விளிம்புகளில் காய்ந்த மரமாகப் பார்த்து ஒட்டுப்போட வேண்டும், அவசரப்பட்டால் மறுபடி முறுக்கிக்கொள்ளும் என்றார். நகரத்து வீடுகளை இருவரும் ஏற்கெனவே காலி செய்தாகிவிட்டது. வேறு வழியில்லாமல் கதவில்லாத வீட்டில் குடியேறினார்கள். வாசல்களில் தங்கை பழைய படுக்கை விரிப்புகளைத் தொங்கவிட்டாள். அவை பார்வையை மறைத்தன, அவ்வளவுதான். மரவீட்டில் ஒலி நடமாடுவதற்குத் தடையே இல்லை. மேலே தங்கை கத்தரிக்கோலைக் கீழே வைத்தால் கீழே அக்காவுக்குத் தெரியும். கீழே அக்கா பெருமூச்சு விட்டால் மேலே தையல் மிஷின் ஒரு கணம் நிற்கும்.

மாலை வேளைகளில் தங்கை தொலைபேசியில் பேசுவதும் இப்படித்தான் கேட்டது. பேச்சைவிடச் சிரிப்பு அதிகமாக இருந்தது. எதிர்முனையில் யார் என்று அக்காவுக்கு ஊகிக்க நேரமாகவில்லை. விவாகரத்தின்போது தங்கையின் தையல் மிஷினை எடுத்துவர வண்டி பிடித்துப் போய், அந்த முன்னாள் கணவனைத் தெருவே கேட்கும்படி கிழித்துவிட்டு வந்தவள் அவள்தான்.

இருவரும் மாடிப்படிக் கைப்பிடியின் பழைய பெயின்டைச் சுரண்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் அக்கா கேட்டாள்.

"யாருடி சாயங்காலம் ஃபோன்ல?"

"தெரிஞ்சுதானே கேக்கறே?"

"கதவில்லாத வீட்ல காதை எங்கடி கழட்டி வைக்கிறது?"

"அவர்தான்."

"எப்பத்துலேர்ந்து?"

"நாங்க பேச்சை நிறுத்தவே இல்லையேக்கா."

"அப்ப எதுக்குடி பிரிஞ்சீங்க?"

"ஒரே வீட்ல முடியல. ஃபோன்ல தங்கமான மனுஷன்."

அக்கா சுரண்டுவதை நிறுத்தினாள். "நீ தனியாக் கிடந்து அழுதுட்டிருப்பேன்னுதான் நான் என் வீட்டை வித்தேன்."

"நான் எங்க அழுதேன்க்கா? ரிட்டயர் ஆனதும் நீதான் பொழுதுக்கும் கூப்பிட்டு, சாப்பிட்டியா, என்ன சாப்பிட்டேன்னு கேட்டுட்டே இருந்தே. பாவம், நீ தனியா இருக்க முடியாமத் தவிக்கறேன்னு நினைச்சேன். உனக்காகத்தான் சரின்னேன்."

"எனக்கு என் வீடே நல்லாத்தான் இருந்துச்சு."

"எனக்கும்தான்."

இருவரும் கைப்பிடியை முடித்தார்கள். அதன்பிறகு சில நாட்கள் மிக மரியாதையாக நடந்துகொண்டார்கள். உப்பை நகர்த்தியதற்குக்கூட நன்றி சொன்னார்கள். அதுதான் இருவருக்கும் அதிகம் வலித்தது.

கதவுகள் வருவதற்குள் மழை வந்துவிட்டது. மதியத்தில் தொடங்கிய காற்று, திறந்து கிடந்த ஜன்னல்கள் வழியே தண்ணீரை வாளியால் இறைப்பது போல உள்ளே கொட்டியது. இருவரும் தையல் மிஷினை உள்பக்கமாக இழுத்தார்கள். தங்கை தொலைபேசியை எடுத்து அவனைக் கூப்பிட்டாள். அக்கா பார்த்தாள், தடுக்கவில்லை. அந்த மனிதன் லாரி ஓட்டுபவன். பக்கத்தில் எங்கோ சரக்கு இறக்கிவிட்டு வந்தவன், லாரியின் தார்ப்பாயோடு வந்து நின்றான். ஏணியில் ஏறி ஒரு முனையைப் பலகைச் சுவரில் கட்டினான். மறுமுனையை அக்கா பிடித்திருந்தாள்.

"இழுத்துப் பிடிங்கக்கா."

"பிடிச்சுட்டுத்தான் இருக்கேன்."

பல வருடங்களுக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்டது அது. வாய்க்கால் பக்கம் முழுவதும் மூடியாயிற்று. அவன் தலையைத் துவட்டிக்கொண்டு டீ குடித்தான். டம்ளரை அடுப்படியில் வைத்த விதம் சரியில்லை என்று தங்கை சொன்னாள். வைத்த விதத்தில் என்ன குறை என்று அவன் கேட்டான். அது வளர்ந்து, மழை விடும்போது இருவரும் ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவன் லாரிக்குப் போன கொஞ்ச நேரத்தில் தங்கையின் தொலைபேசி ஒலித்தது. அவள் எடுத்துச் சிரித்தாள். அக்கா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். தனக்கு இதில் செய்ய எதுவும் இல்லை என்பது அவளுக்கு விளங்கியது. சற்று நிம்மதியாகவும் இருந்தது.

கதவுகள் வந்தன. ஒவ்வொன்றின் மேலும் கீழும் ஆப்பு வடிவத்தில் வெளிறிய புதுமரம் ஒட்டியிருந்தது. மாட்டியபின் எல்லாம் ஓசையின்றிச் சாத்திக்கொண்டன. அக்கா ஒவ்வொன்றாகச் சாத்தித் திறந்து பார்த்துவிட்டு, சமையலறைக்கு வந்து சொன்னாள்:

"செவிலியர் பள்ளியில பாடம் எடுக்கக் கூப்பிடறாங்க. தங்கறதுக்கு ரூமும் உண்டு. போகலாம்னு இருக்கேன்."

"கோவமா?"

"இல்லடி. இங்க நிமித்த இனி ஒண்ணும் இல்ல."

"நான் இங்கயே இருந்துக்கறேன். இந்தத் தெருவுல தையலுக்கு ஆள் வர ஆரம்பிச்சுட்டாங்க. உன் ரூமுக்குத் தைக்கிற மேசையைக் கொண்டுவந்துக்கலாமா?"

"சனிக்கிழமை வருவேன். கட்டிலை மட்டும் நகர்த்தாதே."

அக்கா புறப்பட்ட நாளில் தங்கையால் பேருந்து நிறுத்தம் வரை போக முடியவில்லை. கல்யாணத்துக்குப் போகவேண்டிய ஒருவர், இடுப்புக்குப் பத்தாத கால்சட்டையோடு முன்னறையில் காத்துக்கொண்டிருந்தார்.