அரைமணிச் சித்திரம்

அவளும் மகளும் இருவருமாக அவள் கணவரை இடப்பக்கம் புரட்டி முதுகுக்குத் தலையணை கொடுத்துக்கொண்டிருந்தபோது அழைப்புமணி அடித்தது. கையை எடுத்தால் அவர் மறுபடி மல்லாந்துவிடுவார். மகள் தோளால் அவரைத் தாங்கிக்கொண்டு, “நீ போய்ப் பாரும்மா. ஆக்சிஜன் சிலிண்டர்காரரா இருக்கும்” என்றாள்.

சிலிண்டர்காரர் இல்லை. கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு இளம்பெண்ணும், கேமராவின் முக்காலியைத் தோளில் சாத்திக்கொண்டு ஒருவரும் நின்றிருந்தார்கள். தொலைக்காட்சி நிலையத்திலிருந்து வருகிறார்களாம். போன வாரமே போனில் பேசிவிட்டார்களாம். யாரிடம் பேசினார்கள் என்று அந்தப் பெண்ணுக்கே சரியாகத் தெரியவில்லை.

“நிலையத்துக்குப் பொன்விழா வருதும்மா. ‘அரைமணிச் சித்திரம்’ பத்தித் தனியா ஒரு நிகழ்ச்சி பண்றோம். சாரும் அதுல இருந்தார்னு சொன்னாங்க. ரெண்டு வார்த்தை பேசினா நல்லாருக்கும்.”

“அவர் பேசற நிலைமையில இல்லம்மா.”

அவர் முந்தின நாளிலிருந்தே கண் திறக்கவில்லை. காலையில் வந்த மருத்துவர், பையை மூடிக்கொண்டே, “யாராவது பக்கத்துலயே இருங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அந்தப் பெண்ணின் முகம் உண்மையாகவே வாடியது. “சும்மா தலையாட்டினாக்கூடப் போதும்மா” என்றாள். கேமராக்காரர் அவளை முழங்கையால் இடித்தார்.

கதவைச் சாத்தியிருப்பாள். அதற்குள் அந்தப் பெண் இன்னொன்று கேட்டாள். “டைரக்டர் சார் இந்த நிகழ்ச்சியை ஆரம்பிச்சப்போ, சார்தான் அவருக்கு அசிஸ்டென்ட்டா இருந்தாராம்மா?”

“யாரு ஆரம்பிச்சப்போ?”

“முன்னாடி நிலையத்துக்கு டைரக்டரா இருந்தாரே, அவர்தாம்மா. நேத்து அவர் வீட்டுக்குப் போய் எடுத்தோம். ரொம்ப நல்லா பேசினார்.”

அவள் கதவை அகலத் திறந்தாள். “உள்ள வாங்க. நான் பேசறேன்.”

மகளுக்கு இது பிடிக்கவில்லை. “இப்பப் போய் என்னம்மா இதெல்லாம்?” என்று அடிக்குரலில் கேட்டாள்.

“பத்து நிமிஷம். நீ அப்பா பக்கத்துல இரு.”

முகம் கழுவிக்கொண்டாள். தலையை வாரிக்கொண்டாள். கண்ணாடியில் பார்த்துக்கொண்டபோது, வெகுநாளாகக் காத்திருந்த விருந்தாளி வந்துவிட்டதுபோல உள்ளுக்குள் ஒரு பரபரப்பு இருந்தது. அவளுக்கே கொஞ்சம் வெட்கமாகப் போயிற்று.

கூடத்தில் சோபாவை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டிருந்தார்கள். கேமராக்காரர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு, “உள்ளேருந்து புஸ்ஸு புஸ்ஸுன்னு ஒரு சத்தம் வருதும்மா. அந்த ரூம் கதவைச் சாத்திக்கலாமா?” என்று கேட்டார்.

“சாத்துங்க” என்றாள்.

*

முதல் கேள்வி முடிவதற்குள்ளாகவே அவள் தொடங்கிவிட்டாள். முப்பது வருஷம் வகுப்பறையில் கணக்குச் சொல்லிக்கொடுத்த தொண்டை. கேமரா அவளை ஒன்றும் செய்யவில்லை.

“உங்க டைரக்டர் வந்து சேர்றதுக்கு ரொம்ப வருஷம் முன்னாடியே இது ஓடிக்கிட்டிருந்தது. அப்போ நிலையத்துல சாயங்காலம் மட்டும்தான் ஒளிபரப்பு. ஒரு நிகழ்ச்சி முடிஞ்சு அடுத்தது தயாராகலைன்னா, ஒரு பூச்சாடியைக் காட்டிப் பாட்டுப் போட்டுடுவாங்க. ஜனங்க அந்தப் பூச்சாடியையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கும். ஒருநாள் பாட வரவேண்டியவர் வரலை. இவர் ஃபிலிம் ரூம்ல இருந்தார். அலமாரியில தூதரகங்கள் இலவசமாக் கொடுத்த குட்டிக் குட்டிப் பொம்மைப் படமெல்லாம் பிரிக்காமக் கிடந்தது. ஒண்ணை எடுத்து ஓட்டிட்டார். யாரையும் கேக்கலை.”

“என்ன படம்மா அது?”

“ஒரு ஆடு. கம்பளி நூலால பண்ணினது. குட்டிக்குக் குளிருதுன்னு தன் உடம்பு நூலையே உருவி உருவிச் சட்டை பின்னும். கடைசியில குட்டி சட்டை போட்டுக்கிட்டு நிக்கும், ஆடு இருக்காது. ஏழு நிமிஷம். ஒரு வார்த்தை பேச்சு கிடையாது. மறுநாள் நிலையத்து போன் ஓயவேயில்ல. மறுபடி போடுங்கன்னு.”

அப்படித்தான் அது வளர்ந்தது. செலவில்லாத நிகழ்ச்சி என்பதால் மேலிடம் வாரத்தில் அரைமணி நேரம் கொடுத்தது. விடுமுறை நாளில் அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு தூதரகம் தூதரகமாக ஏறி இறங்குவார். படச்சுருள் பெட்டிகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வருவார். தெருப்பிள்ளைகள் அவருக்குப் பொம்மைக்காரர் என்று பெயர் வைத்திருந்தார்கள். கடன் வாங்கி வந்த கருவியை வைத்து இந்தக் கூடத்துச் சுவரிலேயே படங்களை ஓட்டிப் பார்ப்பார். பள்ளிக்கூடத்திலிருந்து அலுத்து வந்த அவள் பாதிப் படத்தில் தூங்கிவிடுவாள். காலையில், “எது நல்லாருந்தது?” என்று கேட்பார். ஏதோ ஒன்றைச் சொல்லிவைப்பாள். அவள் சொன்னதே அந்த வாரம் ஒளிபரப்பாகும். மேகத்துக்குத் தலை வாரிவிடும் கிழவர், சண்டை போட்டுக்கொள்ளும் இரண்டு நாற்காலிகள், தபால் பெட்டிக்குள் குடியிருக்கும் ஆந்தை. எதையுமே பார்க்கவில்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். இப்போது ஒவ்வொன்றாக வாயில் வந்துகொண்டிருந்தன.

“பேரு கிடைச்சதும் விளம்பரக்காரங்க வந்தாங்க. அரைமணி நேரத்துல பாதி சோப்பும் பல்பொடியும். அப்புறம்தான் உங்க டைரக்டர் வந்தார். வந்ததும் என்ன சொன்னார் தெரியுமா? படத்தோட கடைசியை வெட்டுங்க, இன்னும் ரெண்டு விளம்பரம் போடலாம்னார். கடைசியை வெட்டினா ஆட்டுக்கு என்ன ஆச்சுன்னு குழந்தைக்கு எப்படித் தெரியும்? இவர் வெட்டலை. சண்டையும் போடலை. இவருக்குச் சண்டை போட வராது. ரெண்டு படத்தைக் குறைச்சுட்டு மிச்சத்தை முழுசாப் போட்டார்.”

“அதுக்கு டைரக்டர் சார்...”

“விடிகாலைக்கு மாத்தினார். கோழிகூட எழுந்திருக்காத நேரத்துக்கு. அப்புறம் யாரும் பார்க்கறதில்லைன்னு நிறுத்தினார். மொத்தமா வாங்கின கார்ட்டூன் தொடர் அந்த இடத்துக்கு வந்தது. இவரை வண்டி ஷெட்டுக்கு அனுப்பினாங்க. எந்த வண்டி எப்போ போச்சு, எவ்வளவு பெட்ரோல் ஊத்தினாங்கன்னு கையெழுத்துப் போடற வேலை. படச்சுருளையெல்லாம் ஷெட்டுக்குப் பின்னால கொட்டிட்டாங்க. வீட்டுக்காவது கொண்டுபோறேன்னு கேட்டார். நிலையத்துச் சொத்து, குடுக்க முடியாதுன்னுட்டாங்க. மழையில நனைஞ்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப்போச்சு. தினமும் அதைப் பார்த்துக்கிட்டேதான் கையெழுத்துப் போட்டார், ரிட்டயர் ஆகற வரைக்கும்...”

அறைக் கதவு திறந்தது. மகள் நின்றாள். “அம்மா.”

அவள் திரும்பாமலே உள்ளங்கையை உயர்த்தினாள். “ஒரு நிமிஷம் இருடி.”

“அம்மா...”

“இருன்னு சொல்றேன்ல.” கேமராவிடமே தொடர்ந்தாள். “நானும் இவரைத் திட்டியிருக்கேன். எதிர்த்து ஒரு வார்த்தை பேச வாயில்லையா உங்களுக்குன்னு கேட்டிருக்கேன். பேசி என்ன ஆகப்போகுதுன்னு கேட்டார். சட்டையைக்கூடக் கழற்றாம உட்கார்ந்திருப்பார். அந்த அரைமணி நேரம்தான் அவருக்கு உயிர். அதைத்தான் உங்க டைரக்டர் பிடுங்கிக்கிட்டார். இப்போ அதுக்கு அப்பன்னு சொல்லிக்கிட்டு மாலை வாங்கிக்கறார். இதையெல்லாம் போடுவீங்களா?”

“கண்டிப்பாம்மா” என்றாள் அந்தப் பெண். அவள் கண்கள் கலங்கியிருந்தன.

“சும்மா ஒரு தடவை இந்தப் பக்கம் பார்த்துச் சிரிங்கம்மா. நடுவுல சேர்த்துக்கத் தேவைப்படும்” என்றார் கேமராக்காரர்.

நெஞ்சு லேசாகியிருந்தது. சிரித்தாள்.

அறைக்குள் போனபோது மகள் நாற்காலியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலையணை சரிந்து, அவர் மல்லாந்திருந்தார். சிலிண்டர் மட்டும் அதே புஸ்ஸு புஸ்ஸோடு ஓடிக்கொண்டிருந்தது.

“எப்போ?”

மகள் நிமிர்ந்து பார்த்தாள். “கூப்பிட்டேனேம்மா.”

அவள் சிலிண்டரை நிறுத்தப் போனாள். திருகை முதலில் தப்பான பக்கம் திருப்பினாள், சத்தம் அதிகமாயிற்று. பிறகு சரியான பக்கம் திருப்பினாள். வாசற்படியிலிருந்து அந்தப் பெண், “அம்மா, நாங்க கிளம்பறோம், ரொம்ப தேங்க்ஸ்” என்று எட்டிப் பார்த்துவிட்டு, அப்படியே நின்றாள்.

*

மறுநாள் முன்னாள் டைரக்டர் வந்தார். பெரிய மலர்வளையம், மடிப்புக் கலையாத சட்டை. கால்மாட்டில் கொஞ்ச நேரம் தலைகுனிந்து நின்றார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்களிடம், “என்கூடவே இருந்த பையன். சொன்ன வேலையைத் தட்டாமச் செய்வான்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். இறந்தவர் அவரைவிட ஆறு வயது மூத்தவர். மகள் கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு, டம்ளரை எங்கே வைப்பது என்று சுற்றிலும் பார்த்தார். யாரோ வாங்கிக்கொண்டார்கள்.

அவளிடமும் வந்தார். “நேத்து நீங்க பேசினதா நிலையத்துல சொன்னாங்க. நல்லது, நல்லது” என்றார்.

ஒளிபரப்பாகட்டும், அன்றைக்குப் பேசிக்கொள்வோம் என்று இருந்தாள்.

அந்த வாரக் கடைசியில் நிகழ்ச்சி வந்தது. மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். மகள் வந்து உட்கார்ந்தாளே தவிர, அன்றிலிருந்து தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. மருந்துப் பாட்டில்களை எங்கே போடுவது, பால்காரரிடம் என்ன சொல்வது, அவ்வளவுதான்.

முன்னாள் டைரக்டர் புத்தக அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து நிதானமாகப் பேசினார். ஒரு மழைநாளில் தனக்கு அந்த யோசனை தோன்றியதாம். மேலிடத்தோடு போராடி அரைமணி நேரம் வாங்கினாராம். காலம் மாறியபோது கனத்த மனதோடு நிறுத்தினாராம். இடையிடையே பழைய படங்களின் துணுக்குகள். கம்பளி ஆடு இல்லை. யாரிடமும் அது மிச்சம் இருந்திருக்காது.

பிறகு வயலின் இசை வந்தது. திரையில் அவள் வந்தாள். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழுந்திருந்தது. கீழே ‘பணியாளர் ஒருவரின் மனைவி’ என்று எழுத்து ஓடியது.

“அந்த அரைமணி நேரம்தான் அவருக்கு உயிர்” என்றாள் திரையில். சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

மறுபடி டைரக்டர் வந்தார்.

அவள் இன்னும் வரும் என்று காத்திருந்தாள். கடைசியில் பெயர்கள் ஓடி, சோப்பு விளம்பரம் வந்தது. மகள் எழுந்துபோய்த் தொலைக்காட்சியை அணைத்தாள். ஏதாவது சொல்வாள், கத்தவாவது கத்துவாள் என்று அவள் எதிர்பார்த்தாள். மகள் உள்ளே போய்த் துணி மடிக்க ஆரம்பித்தாள்.

போன் வந்தது. கூட வேலை பார்த்த டீச்சர். “ரொம்ப நல்லா இருந்தீங்க டீச்சர். ஒரே வரியில எல்லாத்தையும் சொல்லிட்டீங்க.” அடுத்து எதிர்வீட்டுக்காரர். அப்புறம் மகளின் மாமியார். “அந்தச் சிரிப்பு இருக்கே சம்பந்தி, அழுதுட்டேன்.” ஒவ்வொருவருக்கும், “ம், சரி, சரி” என்றாள். நான்காவது அழைப்பை எடுக்கவில்லை.

“அந்தப் பொண்ணு கண் கலங்கினாளேடி” என்றாள் மகளிடம், அறை வாசலில் நின்று.

மகள் ஒரு போர்வையின் முனைகளைச் சேர்த்துப் பிடித்தபடி, “கலங்கியிருப்பா” என்றாள்.

*

திங்கட்கிழமை வாடகைக் கட்டிலை எடுத்துப்போக ஆள் வந்தார். சிலிண்டரை முன்பே கொண்டுபோயிருந்தார்கள். மகள் ஊருக்குக் கிளம்பிப் போயாகிவிட்டது. வந்தவர் தனியாகவே கட்டிலின் தலைப்பக்கத்தைக் கழற்றினார். கம்பிகளை மடக்கினார். சக்கரங்கள் துருப்பிடித்துக் கிரீச்சிட்டன.

வேலையை நிறுத்திவிட்டு அவளை உற்றுப் பார்த்தார். “அன்னைக்கு டிவில வந்தீங்களே, நீங்கதானேம்மா? அந்தப் பொம்மைப் பட நிகழ்ச்சி. நான் சின்ன வயசுல ஒண்ணு விடாமப் பார்ப்பேன். ஒரு ஆடு வருமே...”

“அது நான் இல்லீங்க” என்றாள்.

“அப்படியே உங்களை மாதிரியே இருந்தது” என்று சொல்லிவிட்டு, அவர் கட்டிலைத் தூக்கிச் சாய்த்தார். கதவு வழியில் அது இடித்தது. அவள் போய் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். இருவருமாகக் கொஞ்சம் இடப்பக்கம், கொஞ்சம் வலப்பக்கம் என்று திருப்பித் திருப்பி, சுவரில் உரசாமல் கட்டிலை வெளியே கொண்டுபோனார்கள்.