பறவை பிடிக்காத இங்வில்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கேட்டு வாங்கிய கதை. சுற்றுச்சூழல் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஊக்கம் தர, ஆசிரியர், மாணவர் அனுபவங்களைத் தொகுத்துப் புத்தகம் போடுகிறார்கள். நோர்வேயின் வடகோடியில் இந்த மீன்பிடி ஊரிலேயே நான் வேரூன்றிவிட்டதால், எங்கள் பள்ளிக்கூடத்தின் கதை என் தலையில் விழுந்தது. விழட்டும். இதைச் சொல்லக் கை துறுதுறுக்கிறது.

‘இங்வில் சிறுவயது முதலே பறவைகள்மீது அளவற்ற அன்பு...’

இந்த வரியை நிறுத்தியது நானல்ல, அவளேதான். ஒன்பதாம் வகுப்புக்காரி. வாசித்துக் காட்டினேன்.

“யாரு இது? நானா? அந்தச் சனியனுங்களக் கண்டாலே எனக்கு ஆகாது. அத எழுதுங்க.”

2

எழுதுகிறேன்.

பனி இளகும் முன்பே கடலிலிருந்து கிரிக்யேக்கள் வந்து இறங்கும். செங்குத்துப் பாறையில் கூடு கட்டிவந்த இந்தக் கடற்பறவைக்கு இப்போது ஜன்னல் விளிம்பே போதும். இருட்டே வராத கோடை முழுக்க ஓயாத கத்தல். மாடியில் இங்வில்லின் வீடு, கீழே அவள் அம்மா நடத்தும் முடிதிருத்தும் கடை. எச்சத்துக்குப் பயந்து வாடிக்கையாளர்கள் குடையோடு வந்தார்கள். (அப்பாவைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. நல்ல பத்திதான். கதைக்கு வேண்டாம் என்று எடுத்துவிட்டேன்.) ஜன்னல்களுக்கெல்லாம் வலை அடிக்க நகராட்சி யோசித்தது.

பறவைகளை ஏன் காக்க வேண்டும் என்று ஆசிரியர் ஓட்வார் கட்டுரை கேட்டார். இங்வில் ஒரே வரி எழுதிக் கொடுத்தாள்: போய்த் தொலையட்டும்.

அதைப் படித்த ஓட்வார் கண்கலங்கி... இல்லை, அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

“சரி, போகட்டும். எங்க போறதுன்னு நீயே ஒரு எடம் பாத்துச் சொல்லேன்.”

3

சீண்டல்தான். ஆனால் அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஊரெல்லாம் அலைந்து, துறைமுகத்தில் மூடிக்கிடந்த மீன் ஆலையின் கடல் பார்த்த சுவரைக் கண்டுபிடித்தாள். வகுப்பே சேர்ந்து அதில் பறவைகள் கூடு கட்டப் பலகைகள் அடித்தது. ஒரு பருவம் பொறுப்பதாக நகராட்சி சொன்னது. பறவைகள் வராவிட்டால் பலகைகள் இறங்கும், வலை ஏறும்.

பறவைகள் வந்தன. சுவரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, நேராக இங்வில்லின் ஜன்னலுக்குப் போயின.

“அட்ரஸ் சரியாக் குடுத்தியா?” என்று வகுப்பு கேலி செய்தது.

தலையணையால் காதைப் பொத்திப் படுத்திருந்தபோது அவளுக்குப் பளிச்சென்று உறைத்தது. கத்தல் இருக்கும் இடத்துக்குத்தானே இதுகள் வருகின்றன! எந்தச் சத்தம் அவளைப் பைத்தியமாக்கியதோ, அதையே கைபேசியில் பதிவு செய்தாள். ஓட்வார் ஆலைக்காரரிடம் கெஞ்சி மின்சாரம் வாங்கினார். சுவரில் ஒலிபெருக்கி ஏறியது. இரண்டு பக்கமும் கத்தல், நடுவில் ஊர். திட்டாதவர் இல்லை.

(இனி வேகமாக எழுதுகிறேன், கை நிற்கவில்லை.) ஒரு நாள் காலை, கூடு கட்ட அலகில் பாசியோடு ஒரு கிரிக்யே பலகையில் இறங்கியது. யாரும் சத்தம் போடக்கூடாது என்று எல்லோரையும் அடக்கிய இங்வில், தானே வீறிட்டுக் கத்தினாள். பறவை அசையவில்லை. பின்னாலேயே அதன் ஜோடி. கோடை பிறப்பதற்குள் சுவர் வெள்ளைவெளேரென்று நிறைந்துவிட்டது. பலகைகள் தப்பின.

4

‘இன்று அவள் பறவைகளின் தோழி’ என்று முடிக்கச் சொல்கிறார் தொகுப்பாசிரியர். இங்வில் ஒத்துக்கொள்ளவில்லை.

“இன்னும் பிடிக்காதுன்னே போடுங்க. பிடிக்காதவங்களும் படிப்பாங்கல்ல?”

போட்டுவிட்டேன்.

இந்த வருடம் சுவரில் இடம் கிடைக்காத ஒரு ஜோடி, மறுபடி அவள் ஜன்னலுக்கே வந்துவிட்டது. நகராட்சி ஆள் ஏணியோடு நின்று, இந்த ஒரு ஜன்னலுக்கு மட்டும் வலை அடிக்கட்டுமா என்று கேட்டார். இங்வில் ஜன்னலைத் திறந்து பதில் சொன்னாள். எனக்கு அது தெரியும். எழுதப்போவதில்லை.

ஆசிரியரே, அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று உங்கள் வகுப்பில் இங்கேயே நிறுத்திக் கேளுங்கள். கை தூக்காத பிள்ளையிடம் முதலில்.