துண்டு சுற்றிய பெட்டி

ஆர்ட்டு ஆறு மணிக்கு எழுந்தான், காபி போட்டான், கறுப்பு ரொட்டியில் வெண்ணெய் தடவினான், கேம் பெட்டியை ஆன் செய்தான். இன்றும் பழுது என்று காட்டும் சிவப்பு விளக்குதான் எரிந்தது. போன குளிர்காலத்தில் இறந்துபோன மனைவி இலோனா கடைசியாகப் பேசி வைத்த செய்தி அதற்குள் மட்டும்தான் இருந்தது. கேட்கத் துணியாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தான்; அதற்குள் பெட்டி பழுதாகிவிட்டது.

பக்கத்து வீட்டு தேமு வந்து பார்த்தான்.

"இந்த மாடல்ல மூணுல ஒண்ணு புட்டுக்கும்டா. கம்பெனிக்கு அனுப்பு."

"அவங்க வேற பெட்டியைத்தான் திருப்பி அனுப்புவாங்க. உன்னுது மட்டும் எப்படி ஓடுது?"

"என்னுது இன்னும் சாகல. அதுக்காக நல்ல பெட்டின்னு ஆயிடுமா?"

ஆர்ட்டு குளியல் துண்டை எடுத்து, அணைக்காமலே பெட்டியைச் சுற்றினான். சூடு வெளியேறாமல் ஏறினால் உள்ளே விட்டுப்போன ஈயப் பற்றவைப்பு மறுபடி ஒட்டிக்கொள்ளும் என்று எல்லாரும் செய்கிற வைத்தியம் அது.

"லூசு, ஒரு தடவைதான் எழுந்திரிக்கும். அப்புறம் மொத்தமா போயிடும்."

"ஒரு தடவை போதும். நீ போன்ல ரெக்கார்ட் பண்ணு."

இருபது நிமிடம் இருவரும் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆர்ட்டு துண்டை உருவி, பெட்டியை அணைத்துவிட்டு மறுபடி ஆன் செய்தான். பச்சை விளக்கு எரிந்தது. விசிறி இரைச்சலோடு இலோனாவின் செய்தி ஓடியது.

"ஆர்ட்டு, வேலையிலேர்ந்து வந்ததும் இந்தப் பெட்டியைச் சுவர்லேர்ந்து கொஞ்சம் தள்ளி வை. ரொம்பச் சூடாகுது, பாவம்."