கல்யாணக் கார்டில் இருந்த தொழில்

நட்டஈட்டு விசாரணைக்கு முந்தின நாள் மாலை அஸர் தொழுகை முடிந்து வெளியே வந்த என்னை, அக்குறணைப் பள்ளிவாசல் முன்னால் மஹ்மூத் முதலாளி நிறுத்தினார். என் மகன் ஷிராஸ் வேலை செய்த கட்டுகஸ்தோட்டை மர ஆலை அவருடையது. அங்கேதான் வட்டவாள் அவனுடைய வலது கையில் மூன்று விரல்களைக் கொண்டு போனது.

“நட்டஈடு வேலையாளுக்குத்தானே, ஸெய்னுலாப்தீன் நானா? பங்காளிக்கு ஏது?” என்று சிரித்தபடி சட்டைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார். ஷிராஸின் கல்யாணக் கார்டு. அவன் பெயருக்குக் கீழே ‘மர ஆலைப் பங்காளர்’ என்று பொன்னெழுத்தில் இருந்தது. “நீங்க அச்சடிச்சது. ஊருக்கு முன்னால உங்களைப் பொய்க்காரனாக்க எனக்கு ஏலுமா?”

வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தேன்.

மூன்று தலைமுறை கடை வைத்த குடும்பம் எங்களுடையது. புடவைக்கடை மூடிய பிறகு ஷிராஸ் நாட்கூலிக்குப் போனான். கெலிஓயாவில் றம்ஸியாவைப் பெண் பேசும்போது அவளுடைய வாப்பாவிடம் கூலி வேலை என்று சொல்ல என் நாக்கு எழவில்லை. ஆலையில் பங்கு என்றேன். அதையே அச்சிலும் ஏற்றினேன். கல்யாணத்துக்கு வந்த முதலாளி அதை வாசித்துவிட்டு என் தோளைத் தட்டினார். அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை பஸ்ஸில் ஷிராஸ் மெல்லச் சொன்னான்: “வாப்பா, விட்டுடுவம். மாமாவையும் முதலாளி வரச் சொல்லி ஈக்கிறாராம். உண்மை தெரிஞ்சா றம்ஸியாவைக் கூட்டிட்டுப் போயிடுவார்.”

“நட்டஈடு இல்லாம அந்தக் கையை வெச்சிட்டு என்ன செய்யப் போறாய்?”

அவன் கையைச் சாரத்து மடிப்புக்குள் மறைத்துக்கொண்டான்.

கண்டியில் விசாரணை அறைக்குள் போனதும் முதலில் கண்ணில் பட்டது சம்பந்திதான். முன் கதிரையில் தொப்பியும் கோட்டுமாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கூட வேலை செய்தவர்கள் ஒருவரும் சாட்சிக்கு வரவில்லை. முதலாளியிடம் அவர்களுக்குப் பயம். தான் கூலியாள் என்று ஷிராஸ் சொன்னான். முதலாளிக்காக வாதாட வந்த புரொக்டர் எழுந்து கார்டை நட்டஈட்டு ஆணையாளரின் மேசையில் வைத்தார்.

ஆணையாளர் சிங்களத்தில் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் என்னிடம் சொன்னார்: “இதை எழுதியது யார்?”

‘உண்மையைத்தான் எழுதினேன்’ என்று சொன்னால் என் தலை நிமிர்ந்தே இருக்கும். மகன் வெறுங்கையோடு போவான். சம்பந்தியின் பார்வை என் பிடரியில் இருந்தது.

“நான்தான். பொய்.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

“மகன் அங்கே வேலை செய்ததை நீங்கள் கண்டீர்களா?”

அந்த ஆலைக்குள் நான் ஒருநாளும் கால் வைத்ததில்லை. ஆனால் ஒருமுறை கண்டிருக்கிறேன். இதுவரை யாரிடமும் சொல்லாதது.

“பஸ்ஸில வரக்குள்ள கண்டேன். ஆலை வாசல்ல தோள்ல மரக்குத்தியோட நின்டான். பின்னால நின்டு முதலாளி ஏசிட்டு இருந்தார். எனக்குப் பக்கத்தில ஊர் ஆள் ஒருத்தர் இருந்தார். நான் முகத்தை மத்தப் பக்கம் திருப்பிட்டேன்.”

ஷிராஸைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

ஆணையாளர் முதலாளியிடம் திரும்பினார். பங்கு ஒப்பந்தம் எங்கே? முதலாளி புரொக்டரைப் பார்த்தார். புரொக்டர் கடதாசிகளைப் புரட்டினார். ஒப்பந்தம் இல்லை. கார்டைத் தள்ளி வைத்துவிட்டு, ஷிராஸை வேலையாளாக ஏற்றுக்கொள்வதாகவும், நட்டஈட்டை முதலாளி கட்ட வேண்டும் என்றும் ஆணையாளர் சொன்னார்.

அதற்குள் சம்பந்தி எழுந்துவிட்டார். எனக்கு ஸலாம் சொல்லவில்லை. கதிரை சாய்ந்து விழுந்ததையும் திரும்பிப் பார்க்கவில்லை.

நாங்கள் பஸ் நிலையத்துக்கு ஓடினோம். அக்குறணை பஸ் புறப்பட்டுப் போய்க்கொண்டிருந்தது. கெலிஓயாவுக்குப் போகவேண்டிய சம்பந்தியின் தொப்பி அதன் பின் ஜன்னலில் தெரிந்தது.

அடுத்த பஸ்ஸுக்காக வெயிலில் நின்றோம். ஷிராஸ் ரோட்டைப் பார்த்தபடி சொன்னான்.

“அன்டைக்கு நீங்க முகம் திருப்பினதை நானும் கண்டேன், வாப்பா.”

பஸ் வந்ததும் அவன் முன்னால் ஏறினான். றம்ஸியா வீட்டில் இருப்பாளா என்று அவனிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.