செங்கம் ரோட்டுப் புளியமரத்தின் இடுப்பளவு

எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் நான் மூன்று பேரைத் திட்டப் போகிறேன். மூன்று பேருமே நல்லவர்கள்.

என் பெயர் ஆதிலட்சுமி. திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டில் ரமணாசிரமத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் என் வீடு. மாடியில் மூன்று அறை கட்டி, வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறேன். வாசலுக்கு நேரே ரோட்டோரத்தில் ஒரு புளியமரம். அதன் கிளைகள் மாடி முழுக்கக் கவிந்திருப்பதால், அக்னி நட்சத்திரத்தில்கூட என் அறைகளில் மனிதர்கள் தூங்க முடியும். மரத்தடியில் தார்ப்பாய் கட்டித் தையல் மெஷின் போட்டிருப்பவர் அப்துல் ரசாக் பாய். நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோதே அவர் அங்கே இருந்தார். இருபத்தைந்து வருஷமாக எனக்கு ஜாக்கெட் தைப்பவர் அவர்தான். இருபத்தைந்து வருஷமாக அது தொளதொளவென்றுதான் இருக்கிறது.

முதல் திட்டு பிரிகிட்டாவுக்கு. ஜெர்மனியில் தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மா. எல்லோரும் மலையைப் பார்க்க வருவார்கள். இவருக்கு மலையும் வேண்டும், மரமும் வேண்டும். தீபத்துக்கு வந்தால் பொங்கல் வரை என் வீட்டில்தான் தங்குவார். மற்ற மாதங்களில் எந்தத் தேசத்தில் எந்த மரம் பெரிது என்று தேடிக்கொண்டு அலைவார். 1997 தீபத்துக்கு வந்தபோது ஒரு போட்டோ ஆல்பத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

கலிபோர்னியாவில் ஒரு மரம். கட்டையின் கன அளவைக் கணக்கிட்டால் உலகத்திலேயே பெரியது அதுதானாம். ஜெனரல் ஷெர்மன் என்று மிலிட்டரிக்காரர் பெயரெல்லாம் வைத்திருக்கிறார்கள். அதே ஊர்ப் பக்கம் வேறு ஜாதி மரங்கள் முந்நூற்று அறுபது அடிக்கு மேல் நிற்கின்றன. நம் ராஜகோபுரமே இருநூற்றுப் பதினேழு அடிதான். மெக்சிகோவில் ஒரு கோயில் வாசலில் இருக்கும் மரத்தைச் சுற்றி வர நூறடிக்கு மேல் நடக்க வேண்டுமாம். இன்னொரு மரத்துக்கு வயது நாலாயிரத்து எழுநூறுக்கு மேல். அது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் சொல்வதில்லையாம், சொன்னால் ஜனங்கள் போய்ப் பட்டையில் பெயரைச் செதுக்கிவிடுவார்கள் என்ற பயம். இந்த வேலையை நம்மூர் ஆட்கள் மட்டும்தான் செய்கிறார்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன். கடைசியில் பார்த்தால் நமக்குப் பக்கத்தில், அனந்தபூரில் ஓர் ஆலமரம். ஐந்து ஏக்கருக்கு நிழல் விரித்து, உலகச் சாதனைப் பட்டியலிலேயே ஏறிவிட்டது.

எனக்கு ஆசை வந்துவிட்டது. "நம்ம மரம் எத்தனாவது வரும்?" என்று கேட்டேன்.

பிரிகிட்டா அண்ணாந்து பார்த்தார். தனக்குத் தெரிந்த தமிழில் பொறுமையாகச் சொன்னார்: "நல்ல மரம். ஆனா உலகத்துல இல்ல. இந்த ஜில்லாவுலயே ஃபர்ஸ்ட் இல்ல."

அன்றைக்கு அவருக்குச் சாயங்காலக் காபி கிடையாது. கொடுக்கவில்லை என்பது மட்டுமல்ல, ஏன் கொடுக்கவில்லை என்பதையும் மாடிப்படியில் நின்று உரக்கச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மறுநாள் மரத்தடியில் நின்று, மரத்தை எப்படி அளக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். அடியில் அளந்தால் எந்த மரமும் பருமனாகத் தெரியுமாம். அதனால் தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில், நெஞ்சளவில், டேப்பைச் சுற்ற வேண்டும். உலகம் முழுக்க இதுதான் முறை. ரசாக் பாய் மெஷினை நிறுத்திவிட்டு, கழுத்தில் தொங்கிய டேப்பைத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த வருஷம் மாசியில் எங்கள் மரத்தின் மேல் சிவப்புப் பெயின்டில் பெருக்கல் குறி விழுந்தது.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலக் கூட்டம் லட்சக்கணக்கில் வர ஆரம்பித்திருந்த சமயம். ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்கள். பெருக்கல் குறி போட்ட மரங்களை வெட்டுவார்கள். ரோடு போடும் ஆபீஸில் போய் விசாரித்தபோது ஒரே ஒரு வழி சொன்னார்கள். சுற்றளவு பதினைந்து அடிக்கு மேல் இருந்தால் மரத்தை விட்டுவிட்டு ரோட்டை வளைத்துப் போடுவார்களாம். அளவு எழுதி மனு கொடுத்தால், வந்து சரிபார்ப்பார்கள்.

வேறு வழியே இல்லை. அரசோ வேம்போ என்றால் அடியில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் தடவி, இரண்டு எலுமிச்சம்பழத்தை வைத்துச் சாமியாக்கிவிடலாம். எந்த அதிகாரியும் கோடாலியோடு பக்கத்தில் வர மாட்டான். புளியமரத்தில் பேய்தான் குடியிருக்கும் என்று சொல்கிறவர்களிடம் என்ன சாமியைக் காட்டுவது? அந்த மரம் போனால் என் மாடி அறைகளில் அப்பளம் பொரிக்கலாம். பாய்க்குக் கடையே இல்லை. அதையெல்லாம் விடுங்கள். என் பிள்ளைகளை அந்த மரத்தில் தூளி கட்டி ஆட்டினேன்.

"நான் அளக்கறேன்கா" என்று பாய் எழுந்தார்.

அவருடைய டேப் அறுபது அங்குலம். மரத்துக்கு மூன்று தடவை வைக்க வேண்டியிருந்தது. பிரிகிட்டா சொன்னபடி ரோட்டிலிருந்து நாலரை அடியில் சாக்பீஸால் கோடு போட்டார். டேப்பை வைத்தார், அடையாளம் செய்தார், நகர்ந்தார். ஒவ்வொரு தடவையும் ஜாக்கெட்டுக்கு அளவு சொல்கிற அதே ராகத்தில் சொன்னார்: "அறுவத்தியொண்ணு." மறுபடி "அறுவத்தியொண்ணு." மூன்றாவதும் அதேதான். நான் எழுதிக் கூட்டினேன். நூற்று எண்பத்து மூன்று அங்குலம். பதினைந்து அடி மூன்று அங்குலம்!

மனுவை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். போகிற வழியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். பாய் தர்காவில் சர்க்கரை வைத்துவிட்டு வந்தார்.

பதினைந்து நாள் கழித்து அதிகாரி வந்தார். பெயர் ஆதிமூலம். ஒல்லியான, நெட்டையான மனிதர். கையில் இரும்பு டேப். முன்கோபம் எனக்கு இருக்கிற அளவுக்கு அவருக்கு நிதானம் இருந்தது. உதவியாளர் ஒருவர் அந்தப் பக்கம் பிடிக்க, இவர் இந்தப் பக்கம் இழுத்துப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார்.

"பதினாலு அடி ஒம்பது இஞ்ச்தான் வருதும்மா."

"நல்லாப் பாருங்க சார். டேப்பு மடிஞ்சிருக்கும்."

மூன்றாவது தடவையும் அளந்தார். அதே பதினாலே முக்கால். நான் பாயைப் பார்த்தேன். பாய் தரையைப் பார்த்தார்.

"பாய், நீங்க எவ்ளோ அளந்தீங்க?"

"அம்பத்தொம்பதுதான்கா வந்துச்சு" என்றார் மெல்ல. "ரெண்டு இஞ்ச் லூஸ் சேத்துச் சொன்னேன்."

"லூஸா?"

"பழக்கம்கா. வாயில அப்படியே வந்துடுச்சு. நாளைக்குச் சதை போட்டா என்னா பண்றது? மூணு வாட்டி வெச்சேன், மூணு வாட்டியும் லூஸ் உட்டுட்டேன்."

இரண்டாவது திட்டு அப்போதுதான். மரம் என்ன தீபாவளிக்கு உங்களிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுத்திருக்கிறதா, மரம் குனிந்தால் பிடிக்குமா, கையைத் தூக்கினால் இறுக்குமா என்று ரோடே கேட்கும்படி கேட்டேன். கேட்டுக்கொண்டிருக்கும்போதே என் மண்டையில் உறைத்தது. அறுபது அங்குல டேப்பில் அறுபத்தொன்று எப்படி வரும்? மூன்று தடவை அதை எழுதியவள் நான். அந்தக் கோபத்தையும் சேர்த்து அவர் மேலேயே கொட்டினேன். என் இருபத்தைந்து வருஷ ஜாக்கெட்டுகளையும் இழுத்தேன். பாய் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார், கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கும் அழுகை முட்டியது.

ஆதிமூலம் பேனாவை எடுத்தார், மூடினார். "மூணு இஞ்ச்மா. எனக்கே கஷ்டமாத்தான் இருக்குது. ஆனா இல்லாததை இருக்குதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட முடியாது."

அவர் சொன்னது நியாயம். நியாயம் என்பதால்தான் இன்னும் எரிச்சல். வெயிலில் வந்தவரை வெறும் வாயோடு அனுப்பக் கூடாது என்று, உள்ளே வந்து மோர் குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். வாசலில் மூன்று படி இறங்கினால்தான் என் வீடு. நான் டம்ளரில் மோரோடு வருவதற்குள், படியிறங்கிய நெட்டை மனிதர் வாசல் நிலையின் மேல்கட்டையில் நெற்றியை இடித்துக்கொண்டார்.

"என்னம்மா, வீட்டைப் போய்ப் பள்ளத்துல கட்டியிருக்கீங்க?" என்றார், தலையைத் தேய்த்துக்கொண்டே.

மூன்றாவது திட்டு.

"நானா கட்டுனேன் பள்ளத்துல? நான் கல்யாணமாகி வந்தப்ப ஒரு படி ஏறித்தான் சார் இந்த வீட்டுக்குள்ள வலது கால் வெச்சேன்! எலெக்சனுக்கு எலெக்சன் பழைய ரோட்டைச் சுரண்டாம மேல மேலயே ஜல்லியும் தாரும் கொட்டுனா வீடு பள்ளத்துக்குப் போகாம பறந்தா போகும்? ஒவ்வொரு மழைக்கும் உங்க ரோட்டுத் தண்ணி என் அடுப்பங்கரையில நிக்குது. வீடு அப்படியேதான் சார் இருக்குது. உங்க ரோடுதான் ஏறிடுச்சு!"

சொல்லி முடித்த வாய் மூடவில்லை. கையிலிருந்த மோர் டம்ளரை அவரிடம் கொடுக்காமலே வாசலுக்கு ஓடினேன்.

"சார்! ரோடு ஏறிடுச்சுன்னா மரம் மட்டும் எப்படி ஏறியிருக்கும்?"

அவர் படியிலேயே நின்றார். என் வாசல் நிலையைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். ரோட்டைப் பார்த்தார். பிறகு உதவியாளரைப் பார்த்து, "ஜீப்புல கடப்பாரை இருக்குதா?" என்று கேட்டார்.

கடப்பாரையைப் பாய் பிடுங்கிக்கொண்டார். அறுபது வயதில் அப்படித் தோண்டுவார் என்று நான் நினைக்கவே இல்லை. மரத்தின் வீட்டுப் பக்கமாக, மேலே தார்ச் சில்லு, அதன் கீழே ஜல்லி, அதன் கீழே செம்மண், மறுபடி ஜல்லி. ஓர் அடி ஆழத்தில் பட்டையின் மேல் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. ஆதிமூலம் முட்டி போட்டு உட்கார்ந்து கைக்குட்டையால் துடைத்தார். சுண்ணாம்பு. அந்தக் காலத்தில் ரோட்டோர மரங்களுக்கு அடியில் அடித்துவைத்த சுண்ணாம்புப் பட்டை.

"மண்ணுக்குள்ள போயி யாரு சார் சுண்ணாம்பு அடிச்சிருப்பாங்க?" என்றேன்.

அவர் முதல் தடவையாகச் சிரித்தார். "தோண்டுங்க பாய், வேர் பிரியற வரைக்கும் தோண்டுங்க."

இரண்டடி ஆழத்தில் வேர் பிரிந்தது. என் வீட்டுப் பழைய வாசல் மட்டத்துக்குச் சரியாக அதே மட்டம். அங்கிருந்து நாலரை அடி அளந்தால், இப்போதைய ரோட்டிலிருந்து இரண்டரை அடி உயரத்தில்தான் மரத்தின் நெஞ்சு. இவ்வளவு நாளும் நாங்கள் கழுத்தை அளந்துகொண்டிருந்தோம். ஆதிமூலம் இரும்பு டேப்பைச் சுற்றினார். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள், ஆட்டோக்காரர்கள், ஆசிரமத்துக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு வெள்ளைக்காரர்கள் என்று அதற்குள் ஒரு கூட்டமே சேர்ந்திருந்தது.

"பதினஞ்சு அடி பதினோரு இஞ்ச்."

விசில் அடித்தது ஆட்டோக்காரர்கள். நான் என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை. மரத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன் என்று சொல்கிறார்கள். இருக்கும்.

ஆதிமூலம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பாய் மூச்சு வாங்கிக்கொண்டே, நெற்றியில் மண்ணோடு என்னிடம் வந்தார். "பாத்தியாக்கா? நான் ஜாஸ்தி சொல்லல. எட்டு இஞ்ச் கம்மியாத்தான் சொல்லியிருக்கேன்!"

அவரைத் திட்ட வாயெடுத்தேன். சிரிப்புத்தான் வந்தது. வெயிலில் சூடேறிப்போன மோரைப் பாதி அவருக்கும் பாதி ஆதிமூலத்துக்கும் ஊற்றிக் கொடுத்தேன்.

ரோடு வந்தது. எங்கள் வாசலில் மட்டும் ஒரு வளைவு. பௌர்ணமி அன்று மாடியிலிருந்து பார்த்தால், லட்சம் பேர் நேராக வந்து எங்கள் மரத்தை ஒதுங்கி வளைந்து போவது தெரியும். தீபத்துக்கு வந்த பிரிகிட்டா சுண்ணாம்புப் பட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஆல்பத்தில் மெக்சிகோ மரத்துக்கும் அனந்தபூர் மரத்துக்கும் நடுவில் எங்கள் மரத்தின் போட்டோவை ஒட்டினார். கீழே என்ன எழுதுவது என்று கேட்டார். இது எதிலும் முதல் இல்லையே என்றேன். அவர் யோசித்து ஜெர்மன் பாஷையில் ஏதோ எழுதி, எனக்குத் தமிழில் சொன்னார்: "இந்த ரோட்டுல ஃபர்ஸ்ட்." அன்று அவருக்கு இரண்டு காபி.

பொங்கலுக்குப் பாயிடம் புது ஜாக்கெட் துணியும் அளவு ஜாக்கெட்டும் கொடுத்தேன். மரத்தடியில் வேர் தெரியும்படி விட்டிருந்த குழியைச் சுற்றிக் கல் கட்டி, அதன் மேல் உட்கார்ந்திருந்தார். "இந்த வாட்டி கரெக்டா தைச்சுடறேன்கா" என்றார். துணியை விரித்து, அளவு ஜாக்கெட்டை மேலே வைத்து, சாக்பீஸால் கோடு இழுத்தார். இழுக்கும்போதே அவர் கை இரண்டு அங்குலம் வெளியே தள்ளிப் போனது.

நான் பார்த்தேன். ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குள் இறங்கினேன்.